ஒரு அறை எடுக்கும்படி

இதை எனக்கு முதன்முதலில் சொன்னது கிரேஸ்மணி அக்கா. என் மூத்தவள் இரண்டாவது பிரசவத்துக்கு வந்திருந்த வருஷம், ஸ்தோத்திரப் பண்டிகைக்கு முந்தின நாள் மத்தியானம், அசனச் சாப்பாட்டுக்குப் பூண்டு உரிக்கக் கோயில் பந்தலில் நாங்கள் எட்டுப் பெண்கள் உட்கார்ந்திருக்கையில் சொன்னார்கள். மற்றவர்களுக்கெல்லாம் தெரிந்த விஷயம் என்பதால் ஒருத்தரும் பூண்டிலிருந்து தலை நிமிரவில்லை. நான்தான் தயவுபுரத்துக்குப் புதிது. மறுவாரம் போய் அந்த வீட்டையும் பார்த்தேன்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மூன்றாம் தெருவில், சொர்ணபாய் என்கிற அம்மாவும் அவர்கள் வீட்டுக்காரர் வேதமாணிக்கமும் இருந்தார்கள். வீடு சின்ன வீடு, பன்னிரண்டடி அகலம், தெருவைப் பார்த்து முன் அறை, அதற்குப் பின்னால் நடு அறை, அதற்குப் பின்னால் அடுப்படி, அடுப்படிக் கதவைத் திறந்தால் கை எட்டுகிற தூரத்தில் ஒரு முருங்கை, அவ்வளவுதான். வேதமாணிக்கம் சர்வே ஆபீசில் சங்கிலி பிடித்தவர், ஊரில் பாதிப் பேருடைய மனையை அளந்து கல் நட்டவர். அவருக்கு இடது பக்கம் வாதம் வந்து, நாலு வருஷமாக நடு அறையில் கட்டிலோடு கிடந்தார். பேச்சு போய்விட்டது. வலது கை மோதிரத்தால் கட்டில் சட்டத்தில் தட்டுவார். இரண்டு தட்டு என்றால் தண்ணீர், மூன்று தட்டு என்றால் புரட்டிப் படுக்க வை, ஒரே ஒரு தட்டு என்றால் எனக்கு ஒன்றும் வேண்டாம், நீ கொஞ்சம் இங்கே இரு என்று அர்த்தம். இந்த மூன்றையும் வைத்துக்கொண்டே இரண்டு பேரும் நாலு வருஷம் குடும்பம் நடத்திவிட்டார்கள்.

பிள்ளைகள் இரண்டு பேர். கிளாட்சன் ஓசூரில், மெர்லின் மதுரையில். இரண்டு பேருக்கும் குழந்தைகள், இரண்டு பேருக்கும் வாடகை வீடு, கெட்ட பிள்ளைகள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வீட்டை விற்றுவிடுவது, அப்பாவைக் கிளாட்சன் கூட்டிப் போவது, அம்மாவை மெர்லின் கூட்டிப் போவது, அப்படித்தான் அவர்களுக்குள் பேசி வைத்திருந்தார்கள்.

"இரண்டு பேரையும் ஒரே எடத்துல வச்சுக்கிட எங்க வீட்ல எடம் ஏதும்மா?" என்று மெர்லின் கேட்டாள்.

"சரி மக்கா," என்று சொல்லிவிட்டு, சொர்ணபாய் கஞ்சி ஆற்றப் போய்விட்டார்களாம்.

ஆனால் விற்பதற்கு முன்னால் வீட்டைப் பெரிதாக்குவதா வேண்டாமா என்பதில்தான் பிள்ளைகளுக்குள் ஒத்துவரவில்லை. பின்னால் இடம் கிடக்கிறது, ஒரு ரூம் எடுத்துவிட்டால் இரண்டு படுக்கையறை வீடாகிவிடும், குடியிருக்கிறவர்கள் வாங்க வருவார்கள் என்று கிளாட்சன் சொன்னான். அதெல்லாம் ஆறு மாசம் இழுக்கும், அப்படியே தள்ளிவிடுவோம் என்று மெர்லின் சொன்னாள். போனை முன்னால் வைத்துக்கொண்டு இரண்டு பேர் பேச்சையும் கேட்டுக்கொண்டிருந்த தாய்க்கு ஆறு மாசம் என்ற வார்த்தை மட்டும் காதில் தங்கிவிட்டது. ஆறு மாசம் கொத்தனார் வேலை நடந்தால், ஆறு மாசம் அவரும் நானும் ஒரே கூரைக்குக் கீழே இருப்போமே என்று அந்த அம்மா நினைத்தார்கள். சண்டை போடத் தெரியாதவர்களுக்குக் கோயிலில் ஒரு பெட்டி இருக்கிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு சீட்டில், எங்கள் வீட்டில் ஒரு அறை எடுக்கும்படி ஜெபித்துக்கொள்ளவும் என்று எழுதி, மூன்றாம் தெரு சொர்ணபாய் என்று பேரும் போட்டு, ஜெபக்குறிப்புப் பெட்டியில் மடித்துப் போட்டார்கள்.

எங்கள் பக்கம் மாடி கட்டுவதை மாடி எடுக்கிறது என்றும், அறை கட்டுவதை ரூம் எடுக்கிறது என்றும்தான் சொல்லுவோம், அதில் ஒரு தப்பும் இல்லை. ஆராதனையில் ஜெபக்குறிப்பு வாசிக்கிற கிரேஸ்மணி அக்கா அந்தச் சீட்டைப் பிரித்து, காய்ச்சல்காரர்களுக்கும் பரீட்சை எழுதுகிறவர்களுக்கும் நடுவில் வாசித்தார்கள். ஐயர், எங்கள் ஊரில் குருவானவரை அப்படித்தான் சொல்லுவோம், கர்த்தாவே இவர்கள் விண்ணப்பத்தின்படியே செய்யும் என்று முடித்தார். முந்நூறு பேர் ஆமென் சொன்னார்கள். சொர்ணபாயும் சொன்னார்கள்.

ஆராதனை முடிந்து வந்து கதவைத் திறந்தபோது நடு அறை இல்லை. இடிந்து விழவில்லை, புழுதி இல்லை, வெடிப்பு இல்லை. முன் அறையின் பின் சுவரில் இருக்கிற கதவு நேரே அடுப்படியில் திறந்தது, அடுப்பில் அவர்கள் மூடி வைத்துவிட்டுப் போன குழம்பு சூடு ஆறாமல் இருந்தது, பின்னால் போய்ப் பார்த்தால் வீட்டின் பின்பாதி முன்னால் நகர்ந்து, கை எட்டுகிற தூரத்தில் நின்ற முருங்கை பத்தடி தள்ளிப் போயிருந்தது. கட்டிலும், மாத்திரை டப்பாவும், மூத்திரக் குடுவையும், அவரும் இல்லை. அந்த அம்மா முன் அறைக்கும் அடுப்படிக்கும் மாறி மாறி நடந்தார்கள், ஒன்பது அங்குலச் சுவர்தான் நடுவில், கதவு நிலையைத் தாண்டினால் அடுப்படி, திரும்பித் தாண்டினால் முன் அறை. அப்படி எத்தனை தடவை தாண்டினார்களோ, சுவருக்குள்ளிருந்து இரண்டு தட்டுக் கேட்டது. உடனே ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து, எங்கே ஊற்றுவது என்று தெரியாமல், சுவரின் மேல் ஊற்றினார்கள். சுவர் குடித்தது. தரையில் ஒரு சொட்டு இறங்கவில்லை.

ஊர் அன்றைக்குச் சாயங்காலமே வந்து பார்த்தது. வந்தவர்கள் செருப்பை வெளியே கழற்றிவிட்டு, ஒவ்வொருத்தராகச் சுவரில் காது வைத்துவிட்டு, துக்க வீடா இல்லையா என்று தெரியாததால் காப்பி குடிக்கலாமா என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மறுநாள் அந்தோணிக் கொத்தனார் வந்து அடுப்படிப் பக்கம் பூச்சைக் கொத்தி, ஒரு செங்கல்லைப் பெயர்த்தார். ஓட்டை வழியாக முன் அறையும், முன் அறையில் நின்ற ஐயருடைய அங்கியும் தெரிந்தன. அந்த நேரம் பக்கத்துக் கல்லில் தட்டுக் கேட்டது. கொத்தனார் அந்தக் கல்லைப் பெயர்த்தார், தட்டு அதற்கடுத்த கல்லுக்குப் போனது. மூன்று கல்லுக்குப் பிறகு அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, மூன்றையும் இருந்த இடத்தில் வைத்துப் பூசிவிட்டு, கூலி வேண்டாம் என்று போய்விட்டார்.

பிறகு நாள் போகப் போக ஊர் பழகிக்கொண்டது. பென்ஷன் ஆபீசிலிருந்து ஆள் உயிரோடு இருக்கிறாரா என்று பார்க்க ஒரு பையைத் தூக்கிக்கொண்டு ஒருவர் வந்தார், சுவருக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வேதமாணிக்கம் என்று மூன்று தடவை கூப்பிட்டார், தட்டு வந்ததும், உயிருடன் உள்ளார், எழுந்து வர இயலாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். வரி கட்டுகிற ரசீதில் வீட்டின் அளவைக் குறைத்துப் போட்டார்கள். தெருப் பெண்கள் எடு என்ற சொல்லைப் பேச்சிலிருந்து தள்ளி வைத்தார்கள், பாத்திரத்தை எடு என்று சொல்ல மாட்டார்கள், கொண்டா என்பார்கள், கல்யாண வீட்டில் போட்டோக்காரன் வாய் தவறிச் சொன்னபோது மாப்பிள்ளையின் அத்தை பிள்ளைகளை அணைத்துக்கொண்டு பந்தலை விட்டே போய்விட்டாளாம். ஆனால் ரகசியமாக அந்தச் சொல்லை எழுதிப் பெட்டியில் போட்டவர்களும் உண்டு. என் மாமியாரை என்று ஒரு சீட்டு, பக்கத்து வீட்டு மாடியை என்று ஒரு சீட்டு, ஒரு சீட்டில் தன் பேரையே எழுதியிருந்தாள் ஒருத்தி. கிரேஸ்மணி அக்கா அவற்றை வாசிக்காமல் ஐயரிடம் கொடுத்தார்கள், ஐயர் பெட்டியைப் பூட்டிச் சாவியை அங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

சரியான வார்த்தையில் இன்னொரு ஜெபக்குறிப்பு எழுதிவிட்டால் அறை திரும்பி வந்துவிடும் என்று சிலர் சொன்னதால், ஒரு சனிக்கிழமை காலையில் ஐயரும், அவருக்கு உதவியாக இருக்கிற உபதேசியாரும், ரிட்டையர் ஆன தமிழ் வாத்தியார் தானியேல் சாரும், கிரேஸ்மணி அக்காவும் கோயில் ஆபீசில் கூடினார்கள். சொர்ணபாய் வாசலோரம் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஒரு அறை கூட்டித் தாரும்னு எழுதுவோம்," என்றார் உபதேசியார்.

"கூட்டித் தாரும்னா?" என்றார் வாத்தியார். "வாரியலை வச்சுக் கூட்டுறதும் கூட்டுறதுதான வே. மிச்சம் இருக்கிற சாமானையும் வழிச்சு வாசல்ல கொட்டிட்டாருன்னா?"

"அப்ப பெருக்கித் தாரும்."

"அதுக்கும் அதே வாரியல்தான்."

"கட்டித் தாரும்னு போடுங்க, கட்டுறதுல என்ன இருக்கு?"

"யாரைக் கட்ட? ஏற்கெனவே ஒரு பக்கம் வெளங்காத மனுஷன், இன்னொரு பக்கத்தையும் கட்டிப் போட்டா தட்டக்கூட முடியாது."

"விரிவாக்கும்."

"சுவர் விரியும்."

"திருப்பித் தாரும்."

"வீட்டைத் திருப்பினா கூரை கீழ வரும். என்னைப் பார்க்காதீரும், முப்பத்தாறு வருஷம் இதைத்தான் பாடம் நடத்தினேன், நம்ம பாஷையில ஒரு சொல்லும் ஒரு வேலை மட்டும் செய்யாது."

உபதேசியாருக்குச் சிரிப்பு வந்து, வாசலைப் பார்த்ததும் நின்றுபோனது.

"ஏன்யா, ஆண்டவருக்கு மனசு தெரியாதா?" என்று கிரேஸ்மணி அக்கா கேட்டார்கள். "வார்த்தையை விடுங்க. அவ என்ன நெனச்சு எழுதினான்னு அவருக்குத் தெரியாதாக்கும்?"

அதற்கு வாசலோரத்திலிருந்து சொர்ணபாய்தான் சொன்னார்கள். "தெரியும்க்கா. அதான் எனக்குப் பயமா இருக்கு. நாலு வருஷத்துல என்னைக்காவது ஒரு நாள், முதுகு வலிச்ச நேரத்துல, இவியள எடுத்துக்கிடும்யான்னு நான் நெனச்சிருப்பேன். அதையும் சேர்த்து வாசிச்சிருப்பாரு."

அதோடு கூட்டம் கலைந்தது. ஜெபக்குறிப்பு எழுதப்படவில்லை.

தட்டுகள் வந்துகொண்டே இருந்தன. இரண்டு தட்டு வந்தால் அந்த அம்மா துணியை நனைத்துச் சுவரைத் துடைப்பார்கள். மூன்று தட்டு வந்தால் ஒன்றும் செய்ய முடியாது, புரட்டிப் படுக்க வைக்கக் கை போகாதே, சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு நிற்பார்கள், தட்டு ஓய்கிறவரைக்கும் நிற்பார்கள். மழைக்காலம் வந்தபோது இரண்டும் மூன்றும் நின்றுபோய், ஒற்றைத் தட்டு மட்டும் வர ஆரம்பித்தது. விடியும்போது ஒன்று, அரிசி களையும்போது ஒன்று, விளக்கு வைக்கும்போது ஒன்று. இங்கேதானே இருக்கேன் என்று அந்த அம்மா சொல்லுவார்கள். மறுபடி ஒன்று. இதோ, இங்கேதான். மறுபடி ஒன்று. எவ்வளவு ஒட்டி நின்றாலும் வெளியேதான் நிற்கிறார்கள், இல்லையா?

கிறிஸ்துமஸ் லீவுக்குப் பிள்ளைகள் வந்தார்கள். கிளாட்சன் சுவரில் கை வைத்து அழுதான். மெர்லின் அழுது முடித்து முகம் கழுவிவிட்டு, "இனி அம்மா ஒருத்தங்கதானே, நான் பார்த்துக்கிடுதேன்," என்று தம்பியிடம் சொன்னபோது, இரண்டு பேர் முகத்திலும் பாரம் இறங்கினது போல ஒன்று வந்து போனதைத் தாய் பார்த்துவிட்டார்கள். பெற்றவளுக்குத் தெரியும். அதற்காக அவர்களைக் குறை சொல்லவும் மாட்டாள்.

விஷயம் மறுபடி அதே இடத்தில் வந்து நின்றது. கிளாட்சன் சொன்னான், "முன்னைவிடச் சின்னதாயிட்டு, இனி ஒரு ரூம் எடுத்தாத்தான்..." என்று. அங்கே நின்ற அத்தனை பேரும் அவன் வாயைப் பார்த்தார்கள். அவன் பாதியில் நிறுத்தி, கட்டினாத்தான் என்று மாற்றிக்கொண்டான்.

தரகர் ஒளிவு மறைவு இல்லாமல் சொல்லிவிட்டார். "இப்படியே வித்தா எடத்துக்குத்தான் ஆள் வரும். வாங்குறவர் மறுநாளே தரைமட்டமாக்கி வேற கட்டிக்கிடுவாரு. ரெண்டு ரூம் கட்டி வித்தா குடியிருக்க ஆள் வருவாங்க, சுவரும் நிக்கும். உங்க இஷ்டம்."

"கட்டி வித்திருங்களேன் மக்கா," என்றார்கள் சொர்ணபாய். பிள்ளைகளிடம் அந்த அம்மா கேட்ட ஒரே காரியம் அதுதான்.

மெர்லின் தாயின் கையைப் பிடித்துக்கொண்டாள். "ம்மா, யாரு இங்க நின்னு கட்டுறது? அவனுக்கு லீவு கெடையாது, எனக்குப் பிள்ளைக பரீட்சை. அப்பா அதுக்குள்ள இருந்தா... இருக்காவளோ இல்லையோ, ஒரு சுவரை வச்சுக்கிட்டு எத்தனை நாள் இருப்பீங்க? நீங்க எங்கூட வாங்க. போதும்."

கிளாட்சன் அக்காவுக்கு எதிராகப் பேசவில்லை. ஜனவரி இரண்டாம் வாரம் பத்திரம் பதிவது என்று முடிவாயிற்று. இடிக்க மெஷின் சொல்லியாயிற்று என்று வாங்குகிறவர் நல்ல மனசோடு தெரிவித்தார், அவருக்கு அதில் வேறு எண்ணமில்லை.

புறப்படுகிற நாள் காலையில், வழக்கப்படி, பயண ஜெபத்துக்கு ஐயரும் தெருக்காரர்களும் கோயில் பெண்கள் சங்கத்தாருமாக நாற்பது பேர் வந்தார்கள். சொர்ணபாய் குளித்து, வெள்ளைச் சேலை கட்டி, வாசலில் நின்று எல்லாரையும் கும்பிட்டார்கள்.

"உள்ள எடம் இல்ல. எல்லாரும் தெருவுல நின்னுக்கிடுங்க. ஐயருக்கு மட்டும் ஒரு சேர் போடு கிளாட்சா," என்றார்கள். முன் அறையில் பத்துப் பேர் நிற்கலாம்தான், ஆனால் வீட்டுக்காரி சொல்லும்போது யார் மறுத்துப் பேசுவார்கள்? தெருவில் நின்றார்கள். ஒரு பாமாலை பாடினார்கள். ஐயர் புறப்படுதலையும் வந்துசேர்தலையும் குறித்து ஜெபித்தார். மெர்லினுடைய சின்னவள் பாட்டியிடம் ஓடப் பார்த்தாள், பாட்டி அவளைத் தூக்கி முத்தமிட்டு, வாசற்படிக்கு வெளியே மெர்லின் கையில் கொடுத்தார்கள்.

"கடைசியா நான் ஒரு வார்த்தை ஜெபிச்சிக்கிடுதேன். நீங்க கண்ணை மூடிக்கிடுங்க," என்று சொல்லி, உள்ளே போய், அந்தச் சுவருக்கு முன்னால் முழங்கால் போட்டார்கள். கதவு திறந்துதான் இருந்தது. தெருவில் நாற்பது பேரும் தலையைக் குனிந்து கண்ணை மூடிக்கொண்டார்கள். அந்த அம்மாவுக்குச் சத்தமாக ஜெபிக்க வராது என்று எல்லாருக்கும் தெரியும், அதனால் காதைக் கூர்மையாக்கிக்கொண்டு நின்றார்கள். நாலு வருஷம் அவரைப் பார்க்கக் கொடுத்ததற்கு நன்றி சொன்னார்கள், பிள்ளைகளைப் பேர் சொல்லி ஆசீர்வதிக்கக் கேட்டார்கள், பேரப்பிள்ளைகளை ஒவ்வொருவராகச் சொன்னார்கள், பிறகு மூச்சு விடாமல், அதே குரலில், ஆண்டவரே, இந்த வீட்டில் இன்னும் ஒரு அறை எடுத்தருளும் என்று முடித்தார்கள்.

எல்லாரும் ஆமென் சொன்னார்கள்.

வாய்ப் பழக்கம். ஐயர் சொன்னார், தானியேல் சார் சொன்னார், கிளாட்சன் சொன்னான், மெர்லின் சொன்னாள், இடுப்பிலிருந்த குழந்தைகூட மழலையில் சொன்னது. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று காதில் ஏறியது. கிரேஸ்மணி அக்காதான் முதலில் கண்ணைத் திறந்தார்களாம். வாசற்படி அந்தச் சுவர்வரைக்கும் பின்னால் போய், அதற்கு அந்தப் பக்கம் அடுப்படி இருந்தது. அடுப்பு மேடையில் பிள்ளைகளுக்கு வழிக்குக் கட்டி வைத்த புளியோதரைப் பொட்டலம் இருந்தது. மெர்லின் ஓடிப்போய்ச் சுவரில் இரண்டு கையாலும் அடித்தாள், அம்மா அம்மா என்று அடித்தாள், எல்லாரும் தட்டுக்காகக் காத்து நின்றார்கள். மத்தியானம்வரை நின்றார்கள். அன்றைக்கும் சரி, அதற்குப் பிறகும் சரி, அந்தச் சுவரில் யாரும் தட்டவில்லை.

பத்திரம் பதியவில்லை. வாங்க வந்தவர் அட்வான்சைக்கூடக் கேட்காமல் ஒதுங்கிக்கொண்டார். கிளாட்சன் வேலைக்கு ஒன்றரை மாசம் லீவு போட்டு, மெர்லின் பிள்ளைகளைப் பரீட்சைக்கு மாமியாரிடம் விட்டுவிட்டு, இரண்டு பேரும் தாங்களே சாந்து குழைத்து, அந்தோணிக் கொத்தனாரை வைத்து, சுவருக்கு முன்னால் இரண்டு அறை கட்டினார்கள். நல்ல அறைகள். ஆளுக்கொரு ஜன்னல். இரண்டு பேரும் பேசிக்கொள்வதே குறைவாம், செங்கல் கொண்டா, தண்ணீர் கொண்டா என்பது மட்டும்தானாம். வீடு பெரிதாகிவிட்டது, ஆனால் விற்கவில்லை. வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். மூன்று குடும்பம் மாறிவிட்டது, சுவரால் ஒரு தொந்தரவும் இல்லை என்றுதான் எல்லாரும் சொல்லுகிறார்கள், வெயில் காலத்தில் அது குளிர்ச்சியாகவே இருக்கிறது.

நான் என் பிள்ளைகளுக்காக இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெபிக்கிறேன். வார்த்தை இல்லாமல், சும்மா முழங்காலில் இருப்பதோடு சரி.

எங்கள் ஊர்ப் பக்கம் வீடு பார்க்க வருகிறவர்கள் யாராவது இதை வாசித்தால், ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அந்த வீடு உங்களுக்கு அமைந்தால், அடுப்படிக்கு முந்தின சுவரில் ஆணி அடிக்காதீர்கள். அவர்கள் தலை எந்தப் பக்கம் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. காலண்டரை ஜன்னல் கம்பியில் மாட்டிக்கொள்ளுங்கள்.